அஞ்சலும் ஏஜென்சியும்: ஐமாபுக்குப் பிறகு எது?

அஞ்சல் மென்பொருட்கள் ஜேமாப் என்ற புதிய நெறிமுறையை ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை நண்பர்கள் கூடிய ஓர் இடத்தில் நான் எழுப்பியபோது, கவிதை எழுதும் நண்பர் ஒருவர் 'உது மெக்கானிக்குகளின்ரை பிரச்சினை, எங்களுக்கு ஏன் உந்த வேலை' என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் கொஞ்சம் தயவாக, தபாற்காரர் சைக்கிளில் வந்தால் என்ன, மோட்டார் சைக்கிளில் வந்தால் என்ன, கடிதம் வந்தால் சரிதானே என்றார். இரண்டு கூற்றுகளையும் நான் மரியாதையுடன் மறுக்கிறேன். அச்சகம் யாருடையது, விநியோகம் யாருடைய கையில், எந்தக் கடை எந்தச் சஞ்சிகையை மேசைக்குக் கீழே ஒளித்து வைக்கிறது என்று முப்பது வருடங்களாகத் தமக்குள் சண்டை பிடித்துவரும் ஒரு கூட்டம், தன்னுடைய கடிதங்கள் யார் யாருடைய கைகளுக்கூடாகப் போய் வருகின்றன என்பதை மட்டும் கேளாமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. இந்தச் சஞ்சிகைக்கு வரும் கட்டுரைகளில் அநேகமாக எல்லாமே மின்னஞ்சலில்தான் வருகின்றன. எமது வாதங்கள், கோபங்கள், மன்னிப்புகள், அகதி விண்ணப்பத்துக்கான மொழிபெயர்ப்புகள், ஊரிலிருந்து வரும் மரண அறிவித்தல்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஜேமாபின் ஆதரவாளர்கள் வழமையாக முன்வைக்கும் காரணங்களை, அதாவது வேகம், பற்றறிச் சேமிப்பு, நிரலாளரின் சௌகரியம் என்பவற்றை, நான் இரண்டாம் பட்சமாகவே கருதுகிறேன். முதற் காரணம் வேறு. அதைச் சொல்வதற்குச் சில அடிப்படைகளை விளக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மின்னஞ்சலில் இரண்டு பயணங்கள் உண்டு. கடிதம் ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்குப் போவது முதற் பயணம். அதற்கான எஸ்எம்ரிபி நெறிமுறையை 1982இல் ஜொன் பொஸ்ரெல் எழுதினார். அடிப்படையில் பெரிய மாற்றமில்லாமல் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வழங்கியில் வந்து கிடக்கும் கடிதம் உங்கள் கணனிக்கோ தொலைபேசிக்கோ வந்து சேர்வது இரண்டாவது பயணம். பொப், ஐமாப், ஜேமாப் மூன்றும் இந்த இரண்டாவது பயணத்துக்கானவை. ஆகவே ஜேமாப் வந்தால் மின்னஞ்சலே மாறிவிடும் என்று பயப்படவேண்டியதில்லை. ஜேமாபில் வாசிப்பவர், அதைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்குக் கடிதம் எழுதலாம், பெறலாம். மாறுவது எனக்கும் என் கடிதங்கள் இருக்கும் இடத்துக்குமான உறவு மட்டுமே. ஆனால் அந்த உறவு சின்ன விடயமல்ல.

பொப் 1984இல் வந்தது. அதன் தர்க்கம் வீதியோரத் தபாற்பெட்டியின் தர்க்கம்: வந்து திறந்து எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், பெட்டி வெறுமையாகிவிடும். கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும். வீடு இருப்பவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நான் ஊரில் கணிதம் படிப்பித்த காலத்தில், துறையின் அஞ்சல் வழங்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் இருந்தது. வழங்கியின் வன்தட்டில் இடம் போதாது. எல்லோரும் பொப் முறையில் இறக்கி, வழங்கியில் அழித்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. 2008இல் நான் வெளிக்கிட்டபோது ஒன்பது வருடக் கடிதங்கள் வீட்டு மேசையில் இருந்த கணனியில் நின்றுவிட்டன. பிறகு அந்த வீடும் இல்லை. நிறுவனம் என்னுடைய கணக்கையும் சில மாதங்களில் மூடிவிட்டது. அந்தக் கடிதங்களில் என் மாணவர்கள் இருவர் எழுதியவையும் இருந்தன. அவர்கள் இருவரும் இன்று உயிருடன் இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்த எல்லோரிடமும் இதைவிடப் பெரிய கதைகள் உண்டு. கடிதம் எங்கே இருக்க வேண்டும் என்பது ஒரு நெறிமுறையை வரைகிறவர் எடுக்கும் முடிவு என்பதையும், அந்த முடிவு வீடு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே விதமாக விடிவதில்லை என்பதையும் காட்டவே சொல்கிறேன்.

ஐமாபை 1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நீண்ட காலம் அதைப் பேணி வளர்த்தார். 2012இல் காலமானார். அவருடைய யோசனை எளிமையானது. கடிதம் வழங்கியிலேயே இருக்கட்டும், நீங்கள் எந்தக் கணனியிலிருந்தும் போய்ப் பார்க்கலாம். வாசித்தது, வாசியாதது, பதில் எழுதியது என்ற அடையாளங்களும் அங்கேயே இருக்கட்டும். அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கணனிகள் பெருகத் தொடங்கிய சூழலுக்காக அவர் இதைச் செய்தார். ஆனால் நாடு நாடாக அலைந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்கமுடியாது. முகாமிலிருந்து, நூலகத்திலிருந்து, ரெலிபோன் கடையின் வாடகைக் கணனியிலிருந்து ஒரே பெட்டியைத் திறந்தோம். ஐமாபின் நான்காம் பதிப்பு 1994இல் வந்தது. 2003இலும் 2021இலும் அது திருத்தி எழுதப்பட்டது. ஐமாபைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் இந்தக் கடனை ஒத்துக்கொள்ள வேண்டும். அதைப் 'பழைய குப்பை' என்று எழுதுகிற இளம் நிரலாளர்களின் தொனி எனக்கு உவப்பானதல்ல.

ஆனாலும் ஐமாப் பிறந்த உலகம் போய்விட்டது. அது மேசையில் அசையாமல் இருக்கும் கணனியையும் அறுந்துபோகாத ஒரு தொடர்பையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நான் இப்போது வேலை செய்வது ஜேர்மனியில், உலோக உதிரிப்பாகங்களைப் பெட்டிகளில் அடுக்கி ஏற்றும் தொழிற்சாலை ஒன்றில். தகரக் கூரை. சுவரோரமாக நின்றால்தான் தொலைபேசிக்கு உயிர் வரும். இடைவேளை பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்தால் ஐமாப் என்ன செய்கிறது? வழங்கியைக் கூப்பிடுகிறது, வணக்கம் சொல்கிறது, உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கிறது, கடவுச்சொல்லைக் கொடுக்கிறது, ஒரு கோப்புறையைத் திறக்கச் சொல்கிறது, புதிதாக என்ன என்று கேட்கிறது, பிறகுதான் கடிதங்களைக் கேட்கத் தொடங்குகிறது. பல மென்பொருட்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மறுமொழி வரும்வரை காத்துநிற்கின்றன. நடுவில் தொடர்பு அறுந்தால் வணக்கத்திலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். எங்கள் பகுதியில் புதிதாக வந்த பையன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்கும் லொறிக்கும் இடையில் நடந்தால் போமன் என்ன சொல்வார்? பட்டியலைக் கொடு, பலகைத்தட்டில் அடுக்கு, ஒரே தடவையில் தள்ளிக்கொண்டு வா என்பார். ஜேமாப் செய்வது அதுதான். பத்துக் கேள்விகளை ஒரே பொதியில் கட்டி அனுப்பலாம். முதற் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்விக்குள் வழங்கியே பொருத்திக்கொள்ளும்படியும் எழுதலாம். வழமையான வலைப்பக்கங்கள் போகும் எச்ரிரிபி பாதையிலேயே, ஜேசன் வடிவத்தில் அது போய் வருகிறது.

ஐமாபின் மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கடிதத்தை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அதன் அடையாள எண் மாறிவிடும். உங்கள் மென்பொருளுக்கு அது புதுக் கடிதம். 'நகர்த்து' என்ற கட்டளையே 2013இல்தான் நீட்சியாக வந்தது. அதுவரை பிரதி எடுத்து, மூலத்தில் அழிவுக்குறி போட்டு, பிறகு துடைக்க வேண்டும். ஐமாப் வாசிப்பதற்கு மட்டுமானது. அனுப்புவதற்கு எஸ்எம்ரிபி வேண்டும். ஆகவே பெரிய இணைப்புடன் நீங்கள் அனுப்பும் கடிதம் இரண்டு தடவை மேலேறுகிறது: ஒரு தடவை அனுப்பப்படுவதற்கு, இன்னொரு தடவை 'அனுப்பியவை' கோப்புறையில் போடப்படுவதற்கு. இதைத் தீர்க்க 2006இல் நீட்சிகள் எழுதப்பட்டன; அவற்றைப் பாவித்தவர்கள் மிகக் குறைவு. ஜேமாபில் கடிதத்துக்கு மாறாத ஓர் அடையாளம் உண்டு, ஒரே கடிதம் பல கோப்புறைகளில் இருக்கலாம், அனுப்புவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இவையெல்லாம் சௌகரியங்கள்தான். நான் முதற் காரணம் என்று சொன்னதற்கு இப்போது வருகிறேன்.

புதுக் கடிதம் வந்ததும் தெரிந்துகொள்ள ஐமாபில் 1997இலிருந்து ஒரு வழி உண்டு: தொடர்பைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருப்பது. அதுவும் ஒரு தொடர்புக்கு ஒரு கோப்புறை. மேசைக் கணனிக்கு இது சரி. ஆனால் இன்றைய தொலைபேசிகள், குறிப்பாக ஐபோன், பின்னணியில் ஒரு செயலி இப்படித் தொடர்பைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுவதில்லை. ஆகவே உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ விழித்திருந்து, உங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, கடிதம் வந்ததும் உங்களைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்த யாரோவுக்கு உங்கள் பெட்டியின் திறப்பு வேண்டும்.

எங்களுக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும். ஏஜென்சி. எல்லையைத் தானாகக் கடக்க முடியாதவனிடமிருந்து பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, 'நீர் யோசிக்காதையும் தம்பி, எல்லாம் நான் பாக்கிறன்' என்று சொல்பவர். அவர் நல்லவராகவும் இருக்கலாம். எங்களில் பலர் அவரால்தான் இங்கே வந்து சேர்ந்தோம். ஆனால் பாதை நேராக இருந்திருந்தால் அவர் தேவைப்பட்டிருக்கமாட்டார் என்பதும், பாஸ்போட் அவரிடம் இருக்கும்வரை நாங்கள் அவருடைய ஆட்கள் என்பதும் உண்மை.

இது வெறும் உவமையல்ல. மைக்ரோசொவ்ற் 2014 டிசெம்பரில் அக்கொம்ப்ளி என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் செயலியை 2015இல் தொலைபேசிக்கான அவுட்லுக் ஆக்கியது. நீங்கள் வேறொரு நிறுவனத்தில் வைத்திருக்கும் ஐமாப் கணக்கை அதில் சேர்த்தால், கடிதங்கள் உங்கள் தொலைபேசிக்கு நேராக வருவதில்லை. நடுவில் இருக்கும் வழங்கி உங்கள் பெயரில் உள்நுழைந்து எடுத்து வைத்திருந்து தருகிறது. 2023 நவம்பரில், விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கும் இதையே செய்கிறது, ஐமாப் கணக்கின் கடவுச்சொல்லும் மைக்ரோசொவ்ற்றின் வழங்கிகளுக்குப் போகிறது என்று இங்கே ஹைசே செய்தித்தளம் வெளிப்படுத்தியபோது, ஜேர்மன் மத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையாளரே கவலை தெரிவித்தார். மேசைக் கணனிக்கு ஏஜென்சி தேவையே இல்லை. இருந்தும் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. இதில் சதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கடினமான பாதை தரகனை உற்பத்தி செய்கிறது. தரகன் நிலைத்தபிறகு பாதை இலகுவானாலும் போவதில்லை.

ஜேமாப் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் உங்கள் செயலி வழங்கியிடம் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். மாற்றம் நிகழ்ந்ததும் வழங்கி அந்த முகவரிக்கு ஒரு சிறு தகவலை அனுப்பும். அதில் கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை. 'இன்ன கணக்கின் நிலை மாறிவிட்டது' என்பது மட்டும்தான். செயலி கேட்டுக்கொண்டால் அதையும் நடுவிலிருப்பவர் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்பலாம். தொலைபேசி எழும்பி, தானே நேராக வழங்கியிடம் போய், கடைசியாக எனக்குத் தெரிந்த நிலை இது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்கும். ஐபோனில் தகவலைக் கடத்த ஆப்பிளின் கம்பி ஊடாகத்தான் போகவேண்டியிருக்கும். ஆனால் கடத்துபவரிடம் திறப்பு இல்லை. கதவைத் தட்டுபவன் தட்டுகிறான், அவ்வளவுதான்.

இந்த நெறிமுறை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெல்பேர்ணில் 1999இல் தொடங்கிய ஃபாஸ்ற்மெயில் என்ற சிறிய அஞ்சல் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக இதைத் தொடங்கியது. 2010இல் ஒபெரா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2013இல் ஊழியர்களே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அலுவலகம் அவுஸ்திரேலியாவில், வழங்கிகள் அமெரிக்காவில். ஒவ்வொரு கேள்வியும் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்க யோசித்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மையத்துக்கு அருகில் இருப்பவனுக்குத் தூரம் ஒரு பிரச்சினையாகத் தெரிவதில்லை. 2017இல் இணையப் பொறியியல் செயற்குழு இதற்கென்று ஒரு பணிக்குழு அமைத்தது. 2019 ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் ஆர்எவ்சி 8620, 8621 என்ற எண்களில் தரமாக வெளிவந்தது. ஆசிரியர்களில் ஒருவர் ஃபாஸ்ற்மெயிலைச் சேர்ந்தவர், மற்றவர் ஓரக்கிளைச் சேர்ந்தவர். ஆகவே 'ஒரு கம்பனியின் சொந்தச் சரக்கு' என்ற குற்றச்சாட்டு 2019இல் காலாவதியாகிவிட்டது. சைரஸ், அப்பாச்சி ஜேம்ஸ், ஸ்ரோல்வார்ட் ஆகிய திறந்த வழங்கி மென்பொருட்கள் இதைப் பேசுகின்றன. முகவரிப் புத்தகத்துக்கான பகுதி 2024இல் தரமானது.

மறுப்புகளில் பலமானவை இரண்டு. மற்றவற்றைக் கடைசியில் தொட்டுச் செல்கிறேன்.

ஐமாபையே திருத்தினால் போதாதா என்பது முதலாவது. மாற்றங்களை மட்டும் கேட்பதற்கு ஒரு நீட்சி, பல கோப்புறைகளை ஒரே தொடர்பில் கவனிக்க ஒரு நீட்சி, நகர்த்த ஒன்று, நிலையான அடையாளத்துக்கு 2018இல் ஒன்று என்று எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. உண்மை. காகிதத்தில் பார்த்தால் ஐமாப் ஜேமாபுக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் நீட்சி என்பது விருப்பத்துக்குரியது. ஒரு வழங்கி நான்கை வைத்திருக்கும், மற்றது வேறு ஆறு. மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொன்றும் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எல்லாக் கிளைகளையும் எழுதியாக வேண்டும். படிப்பித்த காலத்தில் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு: பத்து நிபந்தனைகள் ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்றால் 1,024 நிலைமைகள். 2021இன் திருத்தப் பதிப்பு சில நீட்சிகளை உள்வாங்கிக்கொண்டது. ஆனால் தொலைபேசிக்கு மிகவும் வேண்டிய, விரைந்து ஒத்திசைக்கும் நீட்சியை அது கட்டாயமாக்கவில்லை. ஐமாபைச் சரியாக எழுதுவது இவ்வளவு பாடாக இருப்பதால்தான் புதிதாக ஓர் அஞ்சல் மென்பொருளை எழுத வருகிற இளைஞர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது பெரிய நிறுவனத்தின் சொந்த இடைமுகத்துக்கு மட்டும் எழுதுகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பெரும்பான்மையோரின் கடிதங்கள் கூகிளிடமும் மைக்ரோசொவ்ற்றிடமும் இருக்கின்றன. ஜேமாப் தரமான பிறகு இரண்டு நிறுவனங்களும் தங்கள் அஞ்சற் சேவையில் அதைத் திறந்துவிடவில்லை. உலகில் பரவலாக ஓடும் ஐமாப் வழங்கியான டவ்கொட்டின் 2025இல் வந்த 2.4 பதிப்பிலும் அது இல்லை. பேசுவதற்கு ஆளில்லாத மொழியைத் தண்டர்பேர்ட் போன்ற, நன்கொடையில் ஓடும் ஒரு மென்பொருள் ஏன் கற்க வேண்டும்? வழங்கிக்காரர் மென்பொருள் இல்லை என்கிறார், மென்பொருட்காரர் வழங்கி இல்லை என்கிறார். எங்களுடைய சிறுசஞ்சிகை வரலாறு முழுவதும் இதே கதைதான்: வாசகர் இல்லாததால் எழுத்தில்லை, எழுத்தில்லாததால் வாசகர் இல்லை. யாராவது ஒருவர் நட்டத்துடன் தொடங்கினால்தான் வட்டம் உடையும்.

இதற்கு என்னுடைய பதில் ஓர் உண்மைச் சம்பவத்தில் இருக்கிறது. தண்டர்பேர்ட் பல ஆண்டு வேலைக்குப் பிறகு 2025 நவம்பரில், 145ஆம் பதிப்பில், மைக்ரோசொவ்ற் எக்ஸ்சேஞ்சின் சொந்த இடைமுகத்தை நேரடியாகப் பேசத் தொடங்கியது. பயனாளர்கள் மகிழ்ந்தார்கள், நியாயமே. ஆனால் தன்னுடைய இணைய அஞ்சற் சேவையில் அந்த இடைமுகத்தை 2026 ஒக்ரோபரில் நிறுத்தப்போவதாக மைக்ரோசொவ்ற் 2023இலேயே அறிவித்திருந்தது. தண்டர்பேர்ட்காரருக்கு இது தெரியும். அதற்கு அடுத்த இடைமுகத்துக்கும் எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதினார்கள், ஏனென்றால் வேறு வழியில்லை. சொந்த இடைமுகம் என்பது குத்தகைக் காணி. உடையவன் நினைத்தால் வேலியைத் தள்ளி வைப்பான். கூகிள் 2022 மே மாதத்தில் வெறும் கடவுச்சொல்லுடன் ஐமாப் பேசும் வழியைத் தனியார் கணக்குகளுக்கு அடைத்தபோதும் இதுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கான வழியில் வரவிரும்பும் ஒரு மென்பொருள் முதலில் கூகிளிடம் போய்த் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் பதியும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் எங்கள் வேலை. கூகிள் ரோக் 2006இலிருந்து எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் வெளியாருடன் கதைத்தது. 2013இல் ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. பெரியவர்கள் வரும்வரை காத்திருப்போம் என்பவர்கள், பெரியவர்கள் வந்துவிட்டுப் போனதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019இன் ஆர்எவ்சியை யாரும் வாபஸ் வாங்க முடியாது. இன்று எழுதப்படும் ஜேமாப் நிரல் பத்து வருடங்களுக்குப் பிறகு பேசுவதற்கு ஆளில்லாமல் போனாலும், யாரோ ஒருவர் தன் வீட்டுக் கணனியில் ஸ்ரோல்வார்ட்டை ஓடவிட்டால் அது திரும்பவும் பேசும். தண்டர்பேர்டின் அமைப்பே 2025இல் தான் தொடங்கப்போகும் அஞ்சற் சேவையை ஸ்ரோல்வார்ட்டின் மேல் கட்டுவதாக அறிவித்தது. வழங்கியைத் தானே வைத்திருக்கப்போகிறவர்கள், இனி 'வழங்கி இல்லை' என்று சொல்ல முடியாது.

தமிழ் குறித்து ஒரு விடயம். உங்கள் ஐமாப் கணக்கில் ஒரு கோப்புறைக்கு 'அம்மா' என்று பெயர் வைத்துப் பாருங்கள். திரையில் தமிழ் தெரியும். கம்பியில் போவது, யுரிஎவ்-7இன் திரிந்த ஒரு வடிவத்தில், பதினாறு குறிகள் கொண்ட ஒரு ரோம முடிச்சு. இப்படி ஒரு வடிவம் வேறெங்கும் பாவனையில் இல்லை, ஐமாபுக்காகவே உண்டாக்கப்பட்டது. ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை மாற்றும் சில கருவிகள் இந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சைப் போட்டுவிடும், அம்மா காணாமற்போய்விடுவார். தேடலும் அப்படித்தான்: 2003இன் ஆவணப்படி ஆங்கில எழுத்துகளில் தேடத் தெரிவது மட்டுமே ஒரு வழங்கிக்குக் கட்டாயம், மற்ற எழுத்துகள் அதன் தயவு. 2021இல்தான் யுரிஎவ்-8 கட்டாயமானது. ஜேமாபில் தொடக்கத்திலிருந்தே எல்லாம் யுரிஎவ்-8. தமிழை விதிவிலக்காக அல்லாமல் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் 'வீடு' என்று தேடினால் 'வீட்டுக்கு' கிடைக்குமா என்பது இங்கேயும் வழங்கி எழுதியவரின் கெட்டித்தனத்தைப் பொறுத்ததே. அதை எந்த நெறிமுறையும் தீர்க்கப்போவதில்லை. எங்கள் ஆட்கள்தான் எழுத வேண்டும்.

சிறு மறுப்புகள்: வழங்கி கடிதங்களை வாசிக்கக்கூடியதாக இருப்பது ஐமாபிலும் ஜேமாபிலும் ஒன்றே. அதிலிருந்து தப்ப வேண்டுமானால் கடிதத்தையே இரு முனைகளிலும் குறியாக்கம் செய்ய வேண்டும். அது வேறு விவாதம். எச்ரிரிபியில் போவதால் அஞ்சல் வலையின் ஒரு கிளையாகச் சுருங்கிவிடும் என்பவர்களின் வருத்தம் எனக்கு அழகியல் வருத்தமாகவே படுகிறது. ஐமாபைக் கைவிட வேண்டுமா என்று கேட்டால், கூடாது. பழைய பெட்டிகள் உள்ளவரை அதுவும் வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் ஜேமாபை நானும் சந்தேகத்துடன் பார்க்கிறேன். ஐமாபில் மென்பொருள் விரும்பினால் கடிதத்தை வந்தபடியே, முழுக்க இறக்கி, தானே பிரித்து வாசிக்கும். ஜேமாபில் பிரிப்பதையும் எழுத்துருவாக்கத்தை மாற்றுவதையும் வழங்கியே செய்து, சுத்தமான உரையாகத் தந்துவிடுகிறது. வாசிக்கும் வேலை எங்கள் பக்கத்திலிருந்து அங்கே நகர்கிறது. இன்றைய கடிதங்களுக்குப் பரவாயில்லை. பரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்த நண்பர்கள் 1990களின் இறுதியில் பாமினியிலும் மயிலையிலும் தட்டி அனுப்பிய கடிதங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பல 'நான் மேற்கு ஐரோப்பிய எழுத்து' என்று பொய் சொல்லிக்கொண்டு பயணம் செய்தவை, எங்களில் சிலரைப் போல. வழங்கி அந்தப் பொய்யை நம்பி, அதன்படி மாற்றி, அலங்கோலத்தை எங்களிடம் தந்துவிடும். எழுத்துமாற்றத்தில் சிக்கல் என்று சொல்ல நெறிமுறையில் ஒரு கொடி இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கடிதத்தில் வழங்கிக்குச் சிக்கலே தெரியாது, ஆகவே கொடி ஏறாது. நல்லகாலமாக, ஒவ்வொரு கடிதத்தின் மூலப்பொதியையும் பைட் மாறாமல் இறக்குவதற்கும் நெறிமுறையில் இடமுண்டு. அந்த வழியைப் பயனாளருக்குத் திறந்துவிடாத மென்பொருளை, அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், நாங்கள் எடுக்கக்கூடாது.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழு மூன்று நாடுகளிலிருந்து ஒரே பெட்டியை ஒரே கடவுச்சொல்லுடன் பாவிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒருவர் வாசித்த கட்டுரை மற்றவருக்கும் வாசித்ததாகிவிடுவதால் தவறிப்போன படைப்புகளைப் பற்றி எழுத்தாளர்கள் என்னிடமே முறையிட்டிருக்கிறார்கள். ஜேமாபில் ஒருவர் தன் சொந்தக் கணக்கினால் உள்நுழைந்துகொண்டே பொதுப் பெட்டியையும் பார்க்கலாம். யார் எதைப் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்பதைத் தனித்தனியாக வரையறுக்கலாம். வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து இதைப் பரீட்சிக்க ஆசிரியர் குழு சம்மதித்தால், வார இறுதி சிஃப்ற் இல்லாத ஒரு கிழமையில் நான் வந்து நிறுவித் தருகிறேன். முதலில் பழைய பெட்டியின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். 1998இலிருந்து கிடக்கும் வாசகர் கடிதங்களை யாரும் அதற்குள் துப்புரவாக்கிவிடக் கூடாது.